பையில் இருக்கும் மூன்று அட்டைகள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பல வருடமாகக் கிராம சுகாதாரச் செவிலியராகப் போய் வருகிறேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே நிறைய. என் பையில் ரிஜிஸ்டரோடு மூன்று அந்தரா அட்டைகளும் கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்கான அட்டை. பெண்களிடம்தான் இருக்க வேண்டும். “வீட்டுக்காரர் பார்த்தா வம்பு, நீங்களே வெச்சுக்குங்க நர்ஸம்மா” என்று மூன்று பேர் கொடுத்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி ஊசிக்கு வந்தபோது மணிக்கட்டில் நான்கு விரல் தடம். கொழுந்துக் கூடை அழுத்தியது என்றாள். கூடைக் கயிறு நெற்றியில் அல்லவா அழுத்தும்? நான் பேசாமல் இருந்தேன். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கையில், “ராத்திரி தொந்தரவு தாங்கலைங்க” என்றாள்.

லைனில் இருமலும் தொந்தரவு, அட்டைக்கடியும் தொந்தரவு. அடித்தால் “அடிச்சான்” என்று சொல்லிவிடுவார்கள். இதற்கு மட்டும் வாயில் வார்த்தை வருவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொந்தரவு என்று சொன்னவர்களிடம் நிரோத் ஆணுறைப் பாக்கெட்டைக் கொடுத்து, “பக்குவமா எடுத்துச் சொல்லும்மா” என்று அனுப்பியிருக்கிறேன், அதுவும் மாமியார் பக்கத்தில் நிற்கும்போதே. வேண்டாம் என்றதையே கேட்காதவன் நிரோத்தையா கேட்பான்? இப்போது நினைத்தால் கூசுகிறது.

இவள் வீட்டில் ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. சத்தம் போட்டால் பிள்ளைகள் எழுந்துவிடும். அதனால் பனிக் காலத்தில், விறகு ஈரம், அடுப்புப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அவன் தூங்கும்வரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பாளாம்.

“போலீஸ்ல சொன்னா எடுப்பாங்களா?” என்றாள். மழுப்பாமல் சொன்னேன். மனைவிக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தால், கணவன் செய்வதைப் பாலியல் வன்புணர்வு என்று குற்றவியல் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அந்த விலக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் சேர்த்தி. பாதுகாப்பு ஆணை கேட்கலாம், பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணலாம். கருக்கலைப்பு என்று வரும்போது, கணவனின் பலவந்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே செயலுக்கு ஒரு சட்டத்தில் பெயர் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்கே விளங்கவில்லை.

ஊசி கருவைத்தான் தடுக்கும், அவனை அல்ல. அவனுக்கு வசதி செய்துகொடுக்கிறேனோ என்றுகூடச் சில நாள் உறுத்தும். ஆனால் நான்காவது பிள்ளை வந்துவிடுமோ என்ற பயமாவது இல்லையே என்று அவளே சொன்னாள்.

181-ஐ எழுதித் தரவா என்றேன். சீட்டு வேண்டாம், மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, நேரமாகியிருந்தது.