வளவுக்குள் பன்: எல்லாம் தண்ணீர் மட்டத்தில்தான் இருக்கிறது

கோரையைக் கொண்டுவந்து வளவுக்குள் வைக்கப் போகிறோம் என்றால் வீட்டில் பெரியவர்கள் மறிப்பார்கள். அவர்கள் பயப்படுவதில் பிழையில்லை. ஆனால் அவர்கள் மனதில் இருப்பது முத்தக்காசு. தோட்டத்தில் பிடுங்கப் பிடுங்க முளைக்கும், வேரில் கொட்டை கொட்டையாகக் கிழங்கு கோத்துக் கிடக்கும் அந்தக் கோரை. இங்கே சொல்வது பாய் இழைக்கும் பன். தாவரவியலில் சைபெரஸ் பங்கோரை. அந்தப் பெயருக்குள்ளேயே கோரை ஒலிக்கிறது. தமிழ்நாட்டில் பத்தமடைப் பாய்க்குப் போவதும் இதுதான்.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். ஒரு தண்டை வேரோடு இழுத்துப் பாருங்கள். முத்தக்காசில் அடியில் புல்போல இலை நிறைய இருக்கும், தண்டு முழங்கால் உயரத்தைத் தாண்டாது. பன்னில் இலை என்று சொல்ல அதிகம் இராது. அடியில் மண்ணிற உறை, அதிலிருந்து நெஞ்சளவுக்கு ஒரே தண்டு, உச்சியில் பூங்கொத்து. கிழங்குக்குப் பதிலாக விரல் பருமனில் கிடையாக ஓடும் வேர்த்தண்டு. தண்டை பிளேட்டால் குறுக்கே அரிந்தால் மூலை மழுங்கிய முக்கோணம் தெரியும். உள்ளே வெள்ளைச் சோற்றி. விரலால் அமுக்கினால் பஞ்சுபோல அமுங்கும். நேர்சரிகளில் குடைபோல இலை விரித்து நிற்பது ஆபிரிக்கப் பக்கத்து இனம். அழகுக்கு வைக்கலாம், நம்முடைய பன் அது அல்ல.

அந்தச் சோற்றியைச் சும்மா அரிந்து பார்க்கச் சொல்லவில்லை. சேற்றுக்குள் காற்று இல்லை. வேருக்கு வேண்டிய காற்று மேலிருந்து இந்தச் சோற்றி வழியாகத்தான் இறங்குகிறது. வெட்டிய தண்டின் நுனி தண்ணீருக்குள் போய்விட்டால் அந்த வழி அடைபடும், பத்துப் பதினைந்து நாளில் வேர்த்தண்டு கறுத்து நாறும். வீட்டுப் பன் பட்டுப்போவதற்குத் தண்ணீர் காணாமையைவிட இதுதான் பெரிய காரணம். "சதுப்புச் செடிதானே" என்று நட்ட அன்றே தொட்டியை நிரப்பிவிடுவார்கள்.

நாற்றுக்கு வயல் வாய்க்கால் ஓரம் போதும். திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் காணிக்காரரிடம் கேட்டு, கூட்டத்தின் விளிம்பில் மண்வெட்டியால் ஓரடிச் சதுரம் வெட்டி எடுத்தால் ஒரு பாத்திக்குப் போதுமான துண்டுகள் கிடைக்கும். நடுவில் தோண்டாதீர்கள், இளம் வேர்த்தண்டு விளிம்பில்தான் இருக்கும், நடுவில் இருப்பது கிழடு. விதையில் முளைக்கப்போட்டுக் காத்திருப்பதும் வீண் வேலை. எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவருமுன் அங்கேயே ஒரு வாளித் தண்ணீரில் அலசிவிடுங்கள். தண்ணீரில் மிதந்து பரவும் களைகளான ஆற்றுவாழையின் குஞ்சும் சல்வீனியாத் துணுக்கும் வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆற்றுவாழைக்கு எதிராக இலங்கையில் 1909 இலேயே சட்டம் போட வேண்டி வந்தது. அதை நாமே சுமந்துகொண்டு வரக்கூடாது.

பாத்தி எப்படி என்பது உங்கள் மண்ணைப் பொறுத்தது. தம்பலகாமம் போலக் களிமண் வளவென்றால் வெறும் பள்ளமே தண்ணீர் பிடிக்கும். நிலாவெளி, குச்சவெளி மணலில் ஊற்றியது ஊற்றிய இடத்திலேயே இறங்கிவிடும், பொலித்தீன் விரிக்காமல் முடியாது. 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். விரிப்பு, நீளத்தோடு இரண்டு பக்க ஆழமும் விளிம்புக்கு ஒவ்வோர் அடியும் சேர்த்து 11 அடி. அகலம் அதே கணக்கில் 9 அடி. 1000 கேஜ் கறுப்புப் பொலித்தீன் வாங்குங்கள். மெல்லியதை வேர்த்தண்டின் கூர்முனை குத்திவிடும். அடியில் கல், வேர் பொறுக்கி, பழைய சாக்கு ஒரு படை விரித்த பிறகே பொலித்தீன். விளிம்பை மேசன்மார் பிடிக்கும் தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து, ஒரு பக்கத்தில் மட்டும் ஓரடி அகலத்துக்கு 2 அங்குலம் தாழ்த்திவிடுங்கள். மாரியில் மேலதிகத் தண்ணீர் வழிய அதுதான் வாய். பொலித்தீனில் ஓட்டை போட்டுக் குழாய் செருகினால் ஒருநாள் ஒழுகியே தீரும்.

பள்ளத்துக்குப் பதிலாகச் சீமெந்துக் கிணற்று வளையம் வைப்பதென்றால் 3 அடி விட்டம் நல்ல அளவு. புதுச் சீமெந்தில் சுண்ணாம்புக் காரம் ஊறும். அடியைப் பூசிய பின் ஒரு வாரத்துக்குள் மூன்று தடவையாவது நிரப்பி நிரப்பிக் கொட்டுங்கள்.

பள்ளத்தில் சேறு ஓரடிதான், மேலே அரை அடி வெறுமை. 6 × 4 × 1 என்றால் 24 கன அடி. 10 லீற்றர் வாளியால் ஏறக்குறைய 68 வாளி. குளத்து வண்டல் அல்லது வயல் மண் 40, ஆற்று மணல் 20, நன்றாக மக்கிய மாட்டெரு 8. எருவில் கை தாராளமாகக் கூடாது. பச்சை எரு சேற்றுக்குள் புளித்து, குமிழி விட்டு, முட்டை அழுகிய மணம் வரும். மேலே பாசி மூடும். கலந்து ஊறவிட்டு பத்து நாள் கழித்து நடுங்கள்.

நடுவதற்குத் தை மாதம். புரட்டாதியில் நட்டால் வேர் பிடிக்குமுன் மாரி கொட்டும். துண்டு ஒன்றுக்கு மூன்று கணு, இரண்டு தண்டு இருக்கட்டும். தண்டை 8 அங்குலத்தில் வெட்டிவிட்டு, வேர்த்தண்டைக் கிடையாக 2 அங்குல ஆழத்தில் புதையுங்கள்; முளை சேற்றின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். துண்டுக்குத் துண்டு ஓரடி, விளிம்பிலிருந்து அரையடி என்றால் 24 துண்டு பிடிக்கும். இப்போது தண்டின் நுனி சேற்றுக்கு மேல் 6 அங்குலம். வாய் 4 அங்குலத்தில் வழிகிறது. எந்த மழையிலும் நுனி மூழ்காது. முதல் இரண்டு வாரம் சேறு மினுங்கினால் போதும், தண்ணீர் நிற்க வேண்டாம். பச்சை முளை ஊசிபோல எழும்பிய பிறகு 2 அங்குலம் நிறுத்துங்கள். ஒரு கம்பில் 2, 4 என்று கீறி நட்டுவைத்தால் வீட்டில் யார் தண்ணீர் விட்டாலும் அளவு தவறாது.

பிறகு வருவது கச்சான் காற்று. வைகாசி பிறந்தால் தண்ணீர் மட்டம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். நாளுக்கு 8 மில்லிமீற்றர் இறங்கினால் இந்தப் பாத்திக்கு 18 லீற்றர், அதாவது இரண்டு வாளிக்குச் சற்றுக் குறைவு. வேலியோ மதிலோ மேற்கே இருக்கும்படி இடம் பார்த்தால் குறையும், தண்டும் சாயாது. ஆனால் மரநிழல் கூடாது. ஆறு மணி நேர வெயில் இல்லையென்றால் பன் மெலிந்து படுத்துவிடும்.

கடலோரக் கிணறுகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு பாத்தியிலேயே தங்கும். ஆவணி வாக்கில் தண்டின் நுனி காய்ந்து பழுப்பேறினால் பலர் தண்ணீர் போதவில்லை என்று அதே கிணற்றுத் தண்ணீரை இன்னும் விடுவார்கள். விடவிட உப்பு கூடும். விளிம்புப் பொலித்தீனில் வெள்ளைப் படிவு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கோப்பையால் பழைய தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றி, கிடைத்தால் நல்ல தண்ணீர் விடுங்கள். மாரியில் கூரைப் பீலியைப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் வாய் வழியே வழிந்து தானாகக் கழுவிப்போகும்.

நுளம்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி வளவில் குடம்பி கண்டால் வழக்கு வரலாம். பாத்தியில் நாலைந்து கப்பி மீன் விட்டால் குடம்பியைத் தின்றுவிடும். ஆனால் அவை வெளிநாட்டு மீன், மிஞ்சியதைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மீன் விட மனமில்லாவிட்டால் தண்ணீரை நிறுத்தாமல் சேற்றை ஈரமாக மட்டும் வைத்தாலும் பன் வாழும், உயரம் கொஞ்சம் குறையும்.

உரம் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் 20 கிராம் யூரியா. தண்ணீரில் தூவினால் பாசிக்குத்தான் போகும். களிமண் உருண்டைக்குள் வைத்து, நாலு இடத்தில் சேற்றுக்குள் ஒரு சாண் அழுத்துங்கள். பொலித்தீனைக் கிழிக்காமல்! கூட்டினால் தண்டு கொழுத்து மெதுமெதுத்துவிடும், இழைக்கவும் உதவாது. அடியுறையில் வெண்மூட்டுப்பூச்சி வந்தால் மருந்து தேட வேண்டாம். அந்தத் தண்டுகளை அரிந்து எரித்துவிடுங்கள். ஆட்டுக்கு மட்டும் வேலி தவிர வேறு பரிகாரம் இல்லை.

வெட்டுவது பூங்கொத்து விரிந்து, பழுப்பேறுமுன். சேற்றிலிருந்து 6 அங்குலம் விட்டு அரியுங்கள், அரிந்த நுனி மூழ்காதிருக்க. எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் பாதியை இப்போதும் மீதியை மூன்று கிழமை கழித்தும் எடுத்தால் வேருக்குக் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். அரிந்த பன்னை அன்றே நீளவாக்கில் கீறி வெயிலில் பரப்புங்கள். ஓரிரவு குவித்து வைத்தாலும் சோற்றி புழுங்கிக் கறுப்புப் புள்ளி விழும், அதற்குப் பிறகு எந்தச் சாயமும் அதில் சரியாக ஏறாது.