ஆகஸ்டில் தண்ணீர் ஊற்றுவது யார்?

பாடசாலை வளவைத் திருத்த உதவி கேட்டுப் போகும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: "எமது பாடசாலையை அழகுபடுத்தத் தங்களால் இயன்ற உதவியை நல்குமாறு தாழ்மையுடன்..." கேள்வி இப்படிப் பொதுவாக இருந்தால் கிடைப்பதும் பொதுவாகத்தான் இருக்கும். யூன் 5, உலக சுற்றாடல் தினத்தன்று ஐம்பது கன்று வந்து இறங்கும். படம் எடுப்பார்கள். ஆகஸ்ட் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும்போது ஐம்பது குச்சி நிற்கும்.

கன்று தந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. யூனில் கொழும்புப் பக்கம் மழை; திருகோணமலையில் கச்சான் காற்று. தென்மேற்குக் காற்று ஈரத்தை மலைநாட்டிலேயே கொட்டிவிட்டு, இங்கே வரும்போது உலர்ந்து சூடாக வீசும். நமக்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான். ஆகவே கன்று தர வருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: "நன்றி ஐயா, கன்றை ஒக்டோபர் கடைசியில் தாருங்கள், இப்போது வேலித் தூணுக்கு உதவுங்கள்." இதைச் சொல்ல அதிபர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படத் தேவையில்லை. தான் தந்த கன்று பிழைப்பதைத்தான் தந்தவரும் விரும்புவார்.

எந்த வாசலில் எதைக் கேட்பது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கமநல சேவை நிலையத்துக்கு நிதி கேட்டு எழுதிப் பயனில்லை. விவசாயப் போதனாசிரியரை ஒரு காலைப் பொழுது வளவுக்கு வந்து மண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் மரக் கன்றுக்கு வனத் திணைக்கள நாற்றுமேடை. தண்ணீர் பவுசருக்கு உள்ளூராட்சி சபை. தம்பலகாமத்தில் பெரும்போக அறுவடை முடிகிற மார்ச்சில் வைக்கோலும் உமியும் வயற்காரரிடம் கேட்டால் கிடைக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து மாட்டுப் பட்டிகளில் எருவும் அப்படித்தான்; ஏற்றி வரும் டிரக்டர் கூலியை மட்டும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் வளைவும் பெயர்க்கல்லும் கட்டித் தர ஆசைப்படுவார்கள். அவர்களிடம் தண்ணீர்த் தாங்கியையும், நீர் ஊற்றுபவருக்கு ஆறு மாதச் சம்பளத்தையும் கேளுங்கள். தாங்கியிலும் பெயர் எழுதலாம்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதோடு வரைபுத் தாளில் வளவின் படம்: 1 செ.மீற்றருக்கு 2 மீற்றர். கிணறு, குழாய், மின்கம்பி, இருக்கும் மரங்கள், காலை பத்து மணி நிழல், பிள்ளைகள் குறுக்கே நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை எல்லாம் அதில் இருக்கட்டும். அந்தப் பாதையில் பாத்தி போட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

பொருட்பட்டியல் துல்லியமாக இருக்க வேண்டும். 10 மீற்றருக்கு 10 மீற்றர் தோட்டத்துக்கு வேலி 40 மீற்றர். 2.5 மீற்றருக்கு ஒரு தூண் என்றால் 16, கேற்றுக்கு இன்னொன்று, ஆக 17. நான்கு மூலைக்கும் இரண்டிரண்டாக எட்டு முண்டு, அதாவது மூலைத் தூணுக்குச் சாய்த்துக் கொடுக்கும் முட்டு. இந்த முண்டுகளைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வலையை இழுத்துக் கட்டியதும் மூலைத் தூண் உள்ளே சாயும், பிறகு வலை தொய்யும், அந்தத் தொய்வில் ஆடு நுழையும். தூண் 8 அடி. 2 அடி மண்ணுக்குள். உப்புவெளி, நிலாவெளிக் கரை மணலில் இடித்து இறுக்கினால் மட்டும் நிற்காது, அடியில் கொங்கிறீற் வேண்டும். வலையின் கீழ் விளிம்பு அரை அடி புதைய வேண்டும். நகரப் பாடசாலைகளுக்குக் கட்டாக்காலி மாட்டோடு மானும் உண்டு. கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் தெருவில் உலாவுவதை அறியாதவர் இங்கே இல்லை. நாலடி வேலி அதுக்கு ஒரு தடையே அல்ல.

எருவைப் பொறுத்தவரை, மார்ச் வைக்கோலை அப்போதே கூட்டெருவாகக் குவித்தால்தான் ஒக்டோபருக்கு உதவும். அரை அடி வைக்கோல், மேலே சீமைக்கிளுவைத் தழை, அதன்மேல் சாணிக் கரைசல் என்று அடுக்கி, நிழலில் வைத்துத் தென்னோலையால் மூடுங்கள். கச்சான் காற்றில் திறந்து கிடக்கும் குவியல் உலர்ந்துவிடும், மக்காது, கறையான்தான் ஏறும். 2 அடிச் சதுரமும் 2 அடி ஆழமுமான இருபது குழிகளுக்கு, பாதி மண் பாதி எரு என்றால் ஒரு கியூப்புக்கு (100 கன அடி) சற்றுக் குறைவாக எரு தேவை. மக்கும்போது பாதியாக வற்றும் என்பதால் இரண்டு கியூப்பில் தொடங்குங்கள். "மேல்மண்" என்று லொறியில் வருவதைக் கொட்டுமுன் கையால் கிளறிப் பாருங்கள். சீமெந்துக் கட்டியோ கிறவலோ இருந்தால் வாங்க வேண்டாம். பிறகு அள்ளி வெளியேற்றும் கூலி, மண்ணின் விலையைவிட அதிகம்.

மணல் குழியின் அடியில், ஊறவைத்த பொச்சுமட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கினால் ஈரம் தங்கும். கன்றிலிருந்து ஓரடி தள்ளி, வர்ணம் பூசாத 5 லீற்றர் மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதையுங்கள். அதில் ஊற்றும் நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். புதைக்குமுன் நீர் நிரப்பி, பானையின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் வியர்த்ததுபோல ஈரம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது கசியாது, மாற்றுங்கள். கரையோரக் கிணற்று உவர்நீர் நாளடைவில் நுண்துளைகளை அடைத்துவிடும். வாயை மூடியே வையுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு பெருகும். பொது சுகாதாரப் பரிசோதகர் பானையை எடுக்கச் சொல்வதும் நியாயமே.

கணக்கு இதுதான்: இருபது பானை, கிழமைக்கு இருமுறை, 200 லீற்றர். நான்கு கிழமை விடுமுறைக்கு 800. ஆக 1,000 லீற்றர் தாங்கி ஒன்றும், விடுமுறை தொடங்குமுன் ஒரு பவுசர் நீரும் போதும். பானையில்லாமல் மேலே ஊற்றினால் இதைப்போல இரண்டு மடங்கு போகும். கூரை மழைநீரைச் சேமிக்கப் பெருந்தொகை கேட்பவர்களைக் காண்கிறோம். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மி.மீற்றர் மழை ஏறத்தாழ 800 லீற்றர் தரும் என்பது உண்மை. ஆனால் ஜனவரியில் நிரம்பிய சிறு தாங்கி ஆகஸ்ட்வரை நிற்காது.

மரம் வைக்கும் இடத்தைக் காற்றை நினைத்துத் தீர்மானியுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் இந்த மாவட்டக் கரையில்தான் ஏறியது. முருங்கை வகுப்பறை ஓரத்தில் வேண்டாம், கொப்பு எளிதில் முறியும். வேம்பு கட்டடத்திலிருந்து குறைந்தது 5 மீற்றர் தள்ளி நிற்கட்டும்.

பணமாக வருவது எதுவும் தனியார் கையில் தங்காமல் சங்கக் கணக்குக்குப் போகட்டும், பற்றுச்சீட்டோடு. பொருளாக வருவதை இருப்புப் புத்தகத்தில் எழுதி, வலயக் கல்விப் பணிமனைக்கும் அறிவியுங்கள். உதவியவருக்கு ஆறாம் மாதம் ஒரு படமும், எத்தனை கன்று பிழைத்தது, எத்தனை பட்டது என்ற எண்ணும் அனுப்புங்கள். பட்டதை மறைக்காத பாடசாலைக்கு இரண்டாம் முறையும் உதவி கிடைக்கிறது.

கடிதத்தின் கடைசிப் பந்தியில் ஆகஸ்ட் முறைப்பட்டியல் வர வேண்டும்: கிழமைக்கு இரண்டு பேர், செவ்வாயும் சனியும், காலை ஏழு மணிக்கு முன். பாடசாலைக்கு அருகில் வீடுள்ள பெற்றோரே நல்லது. கேற்றுத் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். காவலாளி ஊருக்குப் போய்விட்டதால், தாங்கி நிறையத் தண்ணீர் இருக்க வெளியே பூட்டுக்கு முன்னால் வாளியோடு நிற்கும் நிலை விடுமுறைதோறும் எங்காவது நடக்கிறது. இரண்டாவது திறப்பு ஒன்றை வெட்டி, பட்டியலின் முதல் பெயருக்குரியவரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.