பி.இ. முடித்துவிட்டு நேவி: மாலுமியா, அதிகாரியா?

2022 ஜூன் மாதம். கடைசி செமஸ்டர் முடிந்து ஹாஸ்டல் அறையைக் காலி செய்துகொண்டிருந்தோம். ஜூன் 14 அன்று, படைகளில் நான்கு வருடப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தை அறிவித்தார்கள். வயது வரம்பு பதினேழரை முதல் 21 வரை. இரண்டே நாளில், அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் என்று சொல்லி, மேல் வரம்பை 23 ஆக உயர்த்தினார்கள். எனக்கும் என் அறைத் தோழனுக்கும் அப்போது வயது 21. இருவரும் மெக்கானிக்கல், இருவருக்கும் சின்ன வயதிலிருந்து நேவி ஆசை. அவன் அந்தத் திட்டத்தில் அக்னிவீர் மாலுமியாகப் போனான். நான் அதிகாரித் தேர்வுக்குப் போனேன். இந்த நவம்பரில் அவனுக்கு நான்கு வருடம் முடிகிறது. இப்போது படித்து முடிக்கிற தம்பி தங்கைகள் அதே கேள்வியோடு வருவதால், எங்கள் இருவருக்கும் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எங்கள் ஊரில் நேவி என்றதும் பாதிப் பேர், "ஆறு மாசம் கப்பல், ஆறு மாசம் வீடா?" என்று கேட்டார்கள். அது மெர்ச்சன்ட் நேவி, சரக்குக் கப்பல் வேலை. நான் எழுதுவது இந்தியக் கடற்படை பற்றி. இதற்கு யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லை. ஜாயின் இந்தியன் நேவி என்ற அரசு இணையதளத்தில்தான் விண்ணப்பம். இடையில் ஒரு ஏஜென்ட் வந்து பணம் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த ஜூனில் எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. பரமக்குடியில் இருக்கும் மாமாவைப் பார்க்கப் போனேன். பதினைந்து வருடம் நேவியில் மெக்கானிக்கல் பிரிவு மாலுமியாக இருந்து, பெட்டி ஆபீசராக (மாலுமிகளில் ஒரு மூத்த பதவி) ஓய்வு பெற்றவர். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து ஒரு மோட்டார் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் வாஷரையும் செய்தித்தாளில், கழற்றிய வரிசையிலேயே, இடமிருந்து வலமாக வைத்தார். லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் பயிற்சி எடுத்தபோது பழகியதாம். முப்பது வருடம் ஆகியும் கை மாறவில்லை.

நான் கேட்டதும் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மாப்ளே, மெஷினைக் கழட்டி மாட்டுறது நாங்க. விடியக்காலை கப்பல் கெளம்புமா கெளம்பாதான்னு கேப்டன் முன்னாடி போய் நின்னு சொல்றது இன்ஜினியர் ஆபீசர். தப்பாப் போச்சுன்னா அவர் தலைதான். இதுல எதைச் செஞ்சா ஒனக்கு ராத்திரி தூக்கம் வரும்னு பாரு."

அதிகாரிக்கு மெஷின் அதிகம் தெரியும், மாலுமிக்குக் குறைவாகத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். மாமா அதை ஒத்துக்கொள்ளவில்லை. புதிதாக வரும் இளம் அதிகாரியான சப் லெப்டினன்ட்டுக்கு இன்ஜின் ரூமைச் சுற்றிக் காட்டுவதே சீஃப் எனப்படும் அனுபவப்பட்ட மூத்த மாலுமிதான் என்றார். அப்புறம் டிவிஷனல் ஆபீசர் பற்றிச் சொன்னார். கப்பலில் மாலுமிகளைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஒரு அதிகாரியின் பொறுப்பில் விடுவார்கள். அவர்களுடைய லீவு, பதவி உயர்வு, வீட்டுக் கஷ்டம் எல்லாவற்றையும் அவர்தான் பார்க்க வேண்டும். பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமாவை விட எட்டு வயது சின்னவரான அதிகாரி ஒருவர், ஒரு மணி நேரத்தில் லீவு எழுதி ரயில் டிக்கெட்டுக்கும் ஏற்பாடு செய்தாராம். "அந்தப் பையன் மொகம் இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார்.

ஆகவே இவை இரண்டும் ஒரே ஏணியின் மேல்படி, கீழ்ப்படி என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை. ஸ்பேனரைக் கையில் பிடித்து ஒரு இயந்திரத்தின் குரலைக் காதால் அறியும் ஆசையா, முப்பது பேருக்குப் பொறுப்பேற்று அவர்களுக்காகப் பதில் சொல்லும் ஆசையா? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதி முடிவு வந்துவிடும்.

மீதிப் பாதியை முடிவு செய்வது உங்கள் பிறந்த தேதி. இதை யாரும் எனக்கு அன்று சொல்லவில்லை.

அக்னிவீர் எஸ்.எஸ்.ஆர். பிரிவுக்குக் கேட்பது கணிதம், இயற்பியலோடு பிளஸ் டூ. உங்கள் பி.இ.க்கு அங்கே தனி மதிப்பு கிடையாது. வயது 21க்குள். நம் பிள்ளைகள் பி.இ. முடிக்கும்போதே 21 ஆகிவிடுகிறது. எங்களுக்கு 2022இல் கிடைத்தது போன்ற சலுகை இல்லாவிட்டால், படிப்பு முடியும்போது பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும், அல்லது மூடப் போகும் நிலையில் இருக்கும். அறிவிப்பில் வயது என்று போடாமல், இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில் பிறந்தவர்கள் என்றுதான் போடுவார்கள். அதை முதலில் பாருங்கள். அதிகாரிப் பக்கம், எஸ்.எஸ்.சி. என்ற குறுகிய காலப் பணியில் தொழில்நுட்பப் பிரிவுகளுக்குச் சுமார் பத்தொன்பதரை முதல் 25 வரை இடம் இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். 21 வயதில் அக்னிவீராகச் சேர்ந்தால், நான்கு வருடம் முடியும்போது 25. அதிகாரியாக முயற்சி செய்ய உங்களுக்கு இருந்த வருடங்கள் அத்தனையும் அந்த நான்கு வருடத்துக்குள் போய்விடும். "முதலில் மாலுமியாகச் சேர்ந்துவிடலாம், உள்ளே போய் ஆபீசர் ஆகிக்கொள்ளலாம்" என்று எங்கள் ஹாஸ்டலில் பலரும் சொன்னார்கள். மாலுமியிலிருந்து அதிகாரியாக உயரக் கமிஷன் வொர்த்தி என்று ஒரு வழி உண்மையிலேயே இருக்கிறது. அதில் உயர்ந்தவர்களை மாமாவுக்குத் தெரியும். ஆனால் அக்னிவீர்களில் நான்கு வருடம் கழித்து நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. முதலில் அதில் வர வேண்டும். கையில் பி.இ. இருக்கும் ஒருவர் இந்தச் சுற்று வழியை நம்பிப் போவது சரியில்லை என்பதுதான் என் உறுதியான கருத்து.

பிறகு ஏன் என் நண்பன் போனான்? அவன் அப்பாவுக்கு லாரிக் கடன் இருந்தது. அதிகாரித் தேர்வுக்கு ஒரு வருடம் காத்திருக்க அந்த வீட்டால் முடியாது. அக்னிவீருக்கு முதல் வருடம் மாதம் 30,000. அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போக, கையில் 21,000. நான்காம் வருடம் 40,000, கையில் 28,000. முடிவில் சேவா நிதியாக வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். பென்ஷனும் கிராஜுவிட்டியும் கிடையாது. சேர்ந்த மாதத்திலிருந்தே அவன் வீட்டுக்குப் பணம் அனுப்பினான். அந்தச் சூழ்நிலையில் அவன் எடுத்தது சரியான முடிவுதான்.

2022 நவம்பரில் ஒடிசாவில் மாலுமிகளின் பயிற்சித் தளமான ஐ.என்.எஸ். சில்காவுக்குப் போனான். 2023 மார்ச் 28 அன்று அணிவகுப்பு. சுமார் 2,600 பேர் கொண்ட முதல் தொகுதி, அதில் 270க்கும் மேல் பெண்கள். சூரியன் மறைந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. அவன் அம்மா போனில் வீடியோ பார்த்துக்கொண்டே, வரிசையில் எது தன் பிள்ளை என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்து அழுதார்கள். இன்ஜின் ரூம் வாட்ச், அதாவது முறை வேலை, அவனுக்குப் பிடித்துப்போனது. நாலு மணி நேரம் நின்று, காதில் மஃப் போட்டுக்கொண்டு, வியர்வை வழிய ஒவ்வொரு கேஜாகக் குறித்துக்கொண்டு வருவதை அவன் சொல்லும்போது குரலே மாறும். கல்லூரியில் நான்கு வருடம் படித்த தெர்மோடைனமிக்ஸ் அங்கேதான் புரிந்தது என்பான்.

இனி என் பக்கம். எஸ்.எஸ்.சி.யில் இன்ஜினியரிங், எலெக்ட்ரிக்கல், எக்ஸிக்யூட்டிவ், பைலட், லாஜிஸ்டிக்ஸ், நேவல் கன்ஸ்ட்ரக்டர் என்று பல பிரிவுகள் உண்டு. பி.இ.யில் 60 சதவீதம் வேண்டும். நான் விண்ணப்பித்தபோது எழுத்துத் தேர்வு இல்லை. ஐந்தாம் செமஸ்டர் வரையிலான மதிப்பெண்ணை வைத்து எஸ்.எஸ்.பி. என்ற, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். நான் படிப்பு முடிந்த பிறகுதான் விண்ணப்பித்தேன். ஒரு வருடம் வீணானது. பெண்களுக்கும் இதே வழிதான். 1992 முதல் அவர்கள் அதிகாரிகளாக இருக்கிறார்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு இன்னொரு வழி. அதற்கு எழுத்துத் தேர்வு உண்டு, கிடைப்பது நிரந்தரப் பணி.

2023 பிப்ரவரியில் பெங்களூருவில் எஸ்.எஸ்.பி. மார்பில் எண் எழுதிய துணியை மாட்டிவிட்டார்கள். முதல் நாள் நுண்ணறிவுத் தேர்வு, அப்புறம் பி.பி.டி.டி. மங்கலான ஒரு படத்தை 30 வினாடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். பிறகு பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு நிமிடம் தன் கதையைச் சொல்லி, எல்லோரும் பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். என் கதையைச் சரியாகச் சொன்னேன். விவாதம் தொடங்கியதும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் இங்கிலீஷில் பேசினார்கள். இடைவெளி வரும், அப்போது பேசலாம் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. மதியம் எண்களை வாசித்தார்கள், என் எண் இல்லை. துணியைத் திருப்பிக் கொடுத்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, ரயில் நிலையம் போகும் பஸ்ஸில் ஏறினேன். அந்தப் பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

நம் பிள்ளைகள் பலர் வெளியேறுவது இந்த இடத்தில்தான். இங்கிலீஷ் தெரியாததால் அல்ல. கூட்டத்தில் குரல் கொடுத்துப் பழக்கம் இல்லாததால். அடுத்த ஒரு வருடம், வேலை பார்த்துக்கொண்டே, ஞாயிறுதோறும் ஆறு நண்பர்களோடு ஒரு படத்தை வைத்துப் பேசிப் பழகினேன். இலக்கணம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, "இவர் சொன்னதோடு இதைச் சேர்க்கலாம்" என்று நுழையத் தெரிந்தால் போதும்.

2024இல் முதல் கட்டம் தாண்டினேன். உளவியல் தேர்வு: 12 கதைகள், 15 வினாடிக்கு ஒன்றாக 60 சொற்கள், 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகள். கோச்சிங்கில் எழுதிக் கொடுத்த கதைகளை மனப்பாடம் செய்து வந்தவர்களுக்கு ஐந்தாவது படத்திலேயே சரக்கு தீர்ந்துவிடுகிறது. பிறகு பலகையும் கயிறும் வைத்துக் குழுவாகத் தடைகளைத் தாண்டும் வேலை.

நேர்முகத்தில் அந்த அதிகாரி கேட்ட ஒரு கேள்வியை மறக்க முடியாது. நான் ராமநாதபுரம் மாவட்டம் என்பதைப் படிவத்தில் பார்த்துவிட்டு, "உங்கள் ஊர்ப் பக்கத்தில் என்ன கடற்படைத் தளம் இருக்கிறது?" என்றார். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்றேன். "அங்கே என்ன பறக்கிறது?" பதில் தெரியவில்லை. ஆளில்லா விமானங்களுக்கான படைப்பிரிவு 2012 முதல் அங்கே இருக்கிறது. பள்ளிக்கூட நாளில் பஸ்ஸில் கடந்து போன இடம் அது. நேவிதான் என் கனவு என்று எழுதிவிட்டு, வீட்டருகில் இருக்கும் நேவியை எட்டிப் பார்க்காதவனை யார் நம்புவார்கள்? நீங்கள் அரக்கோணம் என்றால் ராஜாளி, திருநெல்வேலி என்றால் கட்டபொம்மன், சென்னை என்றால் அடையாறு. போவதற்கு முன் படித்துவிட்டுப் போங்கள். முடிவு சொல்லும் ஐந்தாம் நாள் மாநாட்டில் என் பெயர் இல்லை.

2025இல் மூன்றாம் முறை. பெயர் வந்தது. மருத்துவப் பரிசோதனையும் தேறினேன். ஆனால் தகுதிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. எஸ்.எஸ்.பி.யில் பரிந்துரை கிடைத்தாலே வேலை கிடைத்தது மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தோம். அம்மா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டார்கள். அது அப்படி இல்லை. காலியிடங்களுக்குத் தக்கபடி மதிப்பெண் வரிசையில்தான் எழிமலையில் இருக்கும் கடற்படை அகாடமிக்கு அழைப்பு வரும். அந்தக் கடிதம் கையில் வரும்வரை பார்க்கிற வேலையை விடாதீர்கள். நான் விடாமல் இருந்ததால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சேர்ந்திருந்தால் சப் லெப்டினன்ட்டாக அடிப்படைச் சம்பளம் 56,100, ராணுவப் பணிப்படி 15,500, மற்ற படிகள் தனி. ஆனால் எஸ்.எஸ்.சி.யும் நிரந்தரம் அல்ல. பத்துப் பன்னிரண்டு வருடம், நீட்டிப்போடு 14 வரை. பென்ஷன் அதிலும் இல்லை. இதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்த வருடம் இறுதியாண்டுக்குப் போகிறவர்கள் மூன்று வேலையை இப்போதே செய்யுங்கள். ஒரு கண் மருத்துவரிடம் போய் நிறப்பார்வையைச் சோதியுங்கள். என்னோடு மருத்துவப் பரிசோதனைக்கு வந்த ஒரு பையனுக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாது என்பது அங்கே வந்துதான் தெரிந்தது. இரண்டு வருட உழைப்பு அரை நிமிடத்தில் போனது. அடுத்து, சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்துக்குக் கல்லூரியில் சான்றிதழ் வாங்குங்கள். அது இல்லாமல் எஸ்.எஸ்.பி. வாசலில் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, அரியர் இருந்தால் இந்த செமஸ்டரிலேயே முடியுங்கள். பெங்களூருக்குப் போய்வரும் ரயில் கட்டணம் முதல் முறை போகிறவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நண்பன் நேற்றிரவு போன் செய்தான். அவன் வீட்டு லாரிக் கடன் முடிந்துவிட்டது. 25 சதவீதத்தில் தான் வருவேனா என்று தெரியவில்லை என்றான். வராவிட்டால் துணை ராணுவப் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்கு இருக்கும் ஒதுக்கீட்டைப் பார்க்கலாமா, கப்பல் கட்டும் தளங்களில் வேலை தேடலாமா என்று ஒரு மணி நேரம் பேசினோம். அவனுடைய பி.இ. சான்றிதழும் என் அலமாரியில்தான் இருக்கிறது. சில்காவுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அதை ஸ்கேன் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறான்.