கீழே சாலை, மேலே ஊர்: சட்லெஜ் ஓரமாக ஸ்பிதி வரை சைக்கிள் நாட்குறிப்பு

செப்டம்பர் 14, 2024, சனி. ராம்பூர்

சிம்லாவில் பேருந்துக் கூரையில் ஏற்றிய சைக்கிள்களைப் பிற்பகலில் இங்கே இறக்கினோம். கியர்ப் பகுதி அடிபடாமல் இருக்க சித்தப்பா பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். நடத்துநர் அதைப் பார்த்து, "அடிபட்டுவிட்டதா?" என்று கேட்டார். கட்டுப் போட்டிருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார்.

இமாச்சலப் பிரதேசத்தின் உயர்மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்கு மணாலி வழிதான் குறுக்குவழி. ஆனால் அந்தப் பக்கம் எடுத்த எடுப்பிலேயே 4,551 மீட்டர் உயரக் குன்சும் கணவாயைக் கடக்கவேண்டும். சட்லெஜ் வழி சுற்றுதான், ஆனால் உடம்பு பழகப் பழக உயரம் கூடும். ராம்பூர் ஏறத்தாழ 1,000 மீட்டர், கல்பா 2,960, நாகோ 3,660. சித்தப்பாவுக்கு வயது 58. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற கையோடு சைக்கிள் வாங்கியவர். ஏற்றத்தில் என்னைவிட வேகம் என்பது வேறு விஷயம்.

ராம்பூரில் நல்ல வெக்கை. பழைய புஷஹர் அரசின் தலைநகர் இது. திபெத் வணிகம் நடந்த காலத்தில் தொடங்கிய லவி சந்தை இன்னும் ஒவ்வொரு நவம்பரிலும் கூடுகிறது. ராஜ்மா சோறு சாப்பிட்டுவிட்டு, டயருக்குக் காற்றடித்துவிட்டுப் படுத்தோம்.

செப்டம்பர் 15, ஞாயிறு. டாப்ரி

மலையிடுக்கு இன்றுதான் தொடங்கியது. இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஆறு, பாறையில் செதுக்கிய சாலை. தராண்டா பக்கத்தில் பாறையைக் குடைந்தே சாலை போட்டிருக்கிறார்கள். தலைக்குமேல் பாறைக் கூரை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் எதுவுமில்லை. லாரி ஓட்டுநர்கள் தராண்டா தேவி கோயிலில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நாங்களும் கும்பிட்டோம். நிகுல்சாரியில் 2021 ஆகஸ்டில் மலை சரிந்து ஒரு பேருந்தையும் வேறு வண்டிகளையும் மூடியது. 28 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் சித்தப்பா பேசவில்லை, நானும் பேசவில்லை. மேலே பார்த்தபடியே வேகமாக மிதித்தோம்.

ஆற்றைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாள் முழுக்க சட்லெஜை ஒட்டித்தான் வந்தோம், ஆனால் முழு சட்லெஜைப் பார்த்தது கொஞ்ச தூரம்தான். நாத்பாவில் ஆற்றை மறித்து, 27 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் அனுப்பி, ஜாக்ரியில் மலைக்கு அடியில் இருக்கும் 1,500 மெகாவாட் மின்நிலையத்தில் இறக்குகிறார்கள். அதற்கு மேலே கர்ச்சமில் இன்னோர் அணை. அங்கே சுரங்கத்தில் நுழையும் தண்ணீர் வாங்டுவில்தான் வெளியே வருகிறது. ஆக, நமக்குப் பக்கத்தில் பாறைகளுக்கு நடுவே ஓடுவது மிச்சத் தண்ணீர். மழைக்காலம் முடியும் நேரம் என்பதால் அதுவே இரைச்சலாகத்தான் இருக்கிறது. பனிக்காலத்தில் எப்படி இருக்குமோ.

டாப்ரியில் அறை கிடைத்தது. உடம்பு முழுக்க புழுதி. குளித்த தண்ணீர் சிமெண்ட் நிறத்தில் போனது.

செப்டம்பர் 16, திங்கள். கல்பா

கர்ச்சமில் பாஸ்பா ஆறு வந்து சேர்கிறது. சாங்லா, சித்குல் போகிறவர்கள் அங்கே பிரிகிறார்கள். எங்களுக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு பள்ளத்தாக்குக்கும் விடுப்பு போதாது.

போவாரி வரை பெரிய சிரமமில்லை. அப்புறம்தான் இந்த ஊர்ப்பக்கத்து வழக்கம் புரிந்தது: சாலை ஆற்றோடு கீழே போகும், மனிதர்கள் மேலே இருப்பார்கள். கீழே வெயில் சில மணி நேரம்தான் விழுகிறது, கல் உருள்கிறது, ஒரு களம் அளவு சமதளம்கூடக் கிடையாது. மேலே மலையின் தோளில்தான் மண்ணும் வெயிலும். ஆகவே நாளெல்லாம் மிதித்துக் களைத்த பிறகு, கடைசியில் ஊருக்குள் போக ஒரு தனி ஏற்றம். இன்று அது முதலில் ரெக்காங் பியோ வரை, பிறகு அதற்கும் மேலே கல்பா வரை. தேவதாரு நிழல் இருந்ததால் பிழைத்தோம். "இறங்கித் தள்ளலாமா சித்தப்பா?" என்று மூன்றாவது வளைவில் கேட்டேன். "நீ தள்ளுடா, நான் மேலே போய் டீ சொல்லிவைக்கிறேன்" என்றார். சொல்லியும் வைத்திருந்தார். நான் போனபோது ஆறிப்போயிருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய். கல்பா

ஓய்வு. எதிரே கின்னர் கைலாஷ் மலைத்தொடர், ஜன்னலுக்கு வெளியே. கீழே இடுக்கில் இருந்தபோது ஒரு சிகரமும் தெரியவில்லை. மலையைப் பார்க்க மலைமேல் ஏறித்தான் ஆகவேண்டும்.

ஊர் முழுக்க ஆப்பிள் வேலை. ஆண்கள் பச்சை வெல்வெட் பட்டை வைத்த, இந்தக் கின்னோர் மாவட்டத்துத் தொப்பியோடு பெட்டி சுமக்கிறார்கள். பெண்களும் அதே தொப்பிதான் போடுகிறார்கள். இந்த ஆண்டு முதல் மாநிலம் முழுக்க ஒரே அளவு அட்டைப்பெட்டி கட்டாயம் என்று அரசு சொல்லிவிட்டது. முன்பு ஒரு பெட்டி விலைக்குள் கூடுதலாகத் திணித்து அனுப்பவேண்டியிருந்தது, இனி அது நடக்காது என்று ஒரு தோட்டக்காரர் மகிழ்ச்சியாகச் சொன்னார். வியாபாரிகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். கை நிறைய சில்கோசாவும் கொடுத்தார். பைன் மரத்துக் கூம்பிலிருந்து எடுக்கும் பருப்பு. மெல்லிய ஓட்டைப் பல்லால் கடித்து எடுக்கவேண்டும். சென்னையில் இதன் விலை தெரியும் என்பதால் ஒன்றைக்கூடக் கீழே விடவில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் என்று சொல்லப்படும் ஷியாம் சரண் நேகி இந்த ஊர்க்காரர். பனி விழுந்தால் வாக்குச்சாவடிக்கு வர முடியாது என்று நாட்டின் மற்ற பகுதிகளுக்கு முன்பே, 1951 அக்டோபரில், இங்கே தேர்தல் நடத்தினார்கள். அவர் 2022 நவம்பரில் 105 வயதில் காலமானார். அதற்குச் சில நாள் முன்புகூட தபால் வாக்கு போட்டிருந்தார்.

செப்டம்பர் 18, புதன். பூ

ஊரின் பெயரே பூதான். பூ எதையும் காணோம். அக்பா தாண்டியதும் மரங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. பருவமழை மேகங்கள் பின்னால் இருக்கும் மலைகளிலேயே கொட்டித் தீர்த்துவிடுகின்றன. ஸ்பில்லோ வருவதற்குள் வெறும் பழுப்புப் பாறை. எதிர்க்கரையில் எங்காவது பச்சைத் திட்டு தெரிந்தால் அங்கே ஓர் ஊர் என்று அர்த்தம். வழக்கப்படி பூவும் நெடுஞ்சாலைக்கு மேலே. ஏறினோம்.

செப்டம்பர் 19, வியாழன். நாகோ

இந்தப் பயணத்திலேயே பெரிய நாள். காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. சட்லெஜ் திபெத்திலிருந்து ஷிப்கி லா கணவாய்ப் பக்கமாக மலையை அறுத்துக்கொண்டு வருகிறது. நிறம் கலங்கிய சேறு. ஸ்பிதி கொஞ்சம் தெளிந்த சாம்பல். இரண்டும் சிறிது தூரம் சேராமலே ஓடுகின்றன. பாலத்தின்மேல் நின்று நிமிர்ந்தால் வானம் ஒரு ரிப்பன்.

பாலம் தாண்டினால் கா வளைவுகள். ஒரே மலைச்சரிவில் சாலை மடிந்து மடிந்து ஏறுகிறது. கீழே பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நாம் இருந்த இடம் நேர் காலடியில் இருக்கும். மனசுக்கு நல்லதில்லை. காப்பிலிருந்து நாகோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். தண்ணீர் பாட்டில் பாதி வழியிலேயே காலி. ஓர் இராணுவ லாரி நின்று, ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "எங்கிருந்து?" என்றார். தமிழ்நாடு என்றதும், "எந்த ஊரு?" என்று தமிழிலேயே அடுத்த கேள்வி! வேலூர்க்காரர். இரண்டு லிட்டர் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். "வண்டியில ஏத்திக்கவா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, "வேணாம் தம்பி, ரொம்ப நன்றி" என்றுவிட்டார்.

மாலை ஐந்தரைக்கு நாகோ ஏரி.

செப்டம்பர் 20, வெள்ளி. நாகோ

தலை லேசாகக் கனக்கிறது. இன்று எங்கும் போகவில்லை.

தங்கிய வீட்டு அம்மா பார்லி வயலுக்குக் கிளம்பினார், கூடவே போனோம். வயலோரம் ஒரு கை அகல வாய்க்கால். தண்ணீர் ஐஸ் மாதிரி. இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், மேலே கைகாட்டினார். ஊருக்குப் பின்னால் ரியோ பர்கியால், 6,816 மீட்டர், இமாச்சலின் மிக உயர்ந்த சிகரம். அந்தப் பக்கத்துப் பனி உருகி வருவதைத்தான் வாய்க்கால் வெட்டித் திருப்பியிருக்கிறார்கள். கீழே ஓடும் ஸ்பிதி ஆறு? அது இவர்களுக்கு எதற்கும் உதவாது. ஆயிரம் மீட்டர் பள்ளத்திலிருந்து யார் ஏற்றுவது? நான் காவிரி வாய்க்கால் கரையில் வளர்ந்தவன். ஆறு பக்கத்தில் ஓட, அதைச் சட்டை செய்யாமல் விவசாயம் செய்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். ஆனால் முறை வைத்துத் தண்ணீர் விடுவதும், மடையை மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தித் திருப்புவதும், பக்கத்து வயல்காரரோடு அதற்காகச் சண்டை போடுவதும் அப்படியே எங்கள் ஊர். இந்த ஆண்டு பனி குறைவு, தண்ணீர் சீக்கிரம் மெலிந்துவிட்டது என்றார் அந்த அம்மா. மடையில் அவர் கத்திய கத்தலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 21, சனி. தாபோ

மல்லிங்கில் மலை எப்போதும் சரிந்துகொண்டே இருக்கும் ஓர் இடம். ஒருவர் நின்று கல் பார்த்துச் சொன்ன பிறகு, சைக்கிளைத் தோளில் போட்டு ஓடினோம். சும்தோவில் போலீஸ் சாவடி, பெயர் எழுதினார்கள். திபெத்திலிருந்து வரும் பாரே சூ ஆறு அங்கே ஸ்பிதியோடு சேர்கிறது. 2004இல் எல்லைக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து அதில் ஒரு ஏரியே உருவாகி, 2005 ஜூனில் உடைந்து, சட்லெஜ் கரைப் பாலங்களை அள்ளிக்கொண்டு போனது. நாங்கள் இத்தனை நாள் வந்த சாலையில் பல இடங்கள் அதற்குப் பிறகு போட்டவை.

செப்டம்பர் 22, ஞாயிறு. தாபோ

தாபோ மடம் 996இல் கட்டியது. தஞ்சைப் பெரிய கோயில் முடிவதற்கு 14 ஆண்டு முன்பு. அங்கே கருங்கல், இங்கே மண். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய தானியக் குதிர்களைச் சேர்த்து வைத்ததுபோல இருக்கிறது. உள்ளே போனால் வேறு உலகம்: சுவரெங்கும் ஓவியம், சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் சுதை உருவங்கள். படமெடுக்கக் கூடாது, நல்லது. 1975 நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கிறது. இப்போதைய கவலை மழை என்றார் அங்கிருந்த துறவி. மழையே பெய்யாது என்று நம்பிக் கட்டிய மண் கூரை. இப்போது பெய்கிறதே.

செப்டம்பர் 23, திங்கள். டாங்கர்

சிச்லிங்கிலிருந்து எட்டு கிலோமீட்டர் ஏற்றம், வேறென்ன. பழைய ஸ்பிதியின் தலைநகர். அரித்துப்போன மண் முகட்டின் நுனியில் மடம் தொற்றிக்கொண்டிருக்கிறது. கீழே பின் ஆறும் ஸ்பிதியும் கலப்பது வரைபடம் மாதிரி தெரிகிறது. சித்தப்பாவுக்கு முதன்முதலாக மூச்சு வாங்கியது. நான் முதலில் போய் டீ சொன்னேன். ஆறவைத்துத்தான் கொடுத்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய். காசா

இறக்கமும் ஏறக்குறைய சமதளமும். மதியத்துக்குள் வந்துவிட்டோம். நாளை அதிகாலைப் பேருந்தில் குன்சும் வழியாக மணாலி. அதையும் மிதித்தே போகலாம் என்றார் சித்தப்பா. விடுப்பு முடிகிறது என்று நான் சொன்னதற்கு, "உனக்குத்தானே முடியுது" என்றார். பத்து நிமிடம் வாக்குவாதம். கடைசியில் சித்தி போனில் பேசினார், டிக்கெட் இரண்டு எடுத்தோம்.

இந்த வழியில் வர நினைப்பவர்களுக்கு: பிரேக் பேட் இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துவாருங்கள், டாங்கர் இறக்கத்தில் மட்டுமே எனக்கு ஒரு ஜோடி போனது. ரெக்காங் பியோவில் ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், காசா வரை ஏடிஎம்மை நம்பவேண்டாம். பிற்பகல் ஆனால் காற்று எழும்பிக் கல் உருளத் தொடங்கும், அதனால் ஐந்தரை மணிக்கே கிளம்பிவிடுங்கள். வரைபடத்தில் ஊர் சாலையோரமாகத் தெரிந்தாலும் எவ்வளவு உயரத்தில் என்று ஒருமுறை பார்த்துவிட்டு அறை சொல்லுங்கள்.