இரண்டு டிராலிகளும் ஒரு மாட்டின் இதய உறையும்

பழைய கிராஃப்டில், அதாவது ரத்தக்குழாய்க்கு மாற்றாக முன்பு வைத்த செயற்கைக் குழாயில், சீழ் பிடித்த கேஸ் மறுநாள் லிஸ்டில் இருக்கிறது என்றால், ரத்தக்குழாய் ஆபரேஷன் நடக்கும் வாஸ்குலர் தியேட்டரில் கருவி எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸாக இருக்கும் எங்களுக்கு முந்தின நாள் சாயங்காலமே வேலை தொடங்கிவிடும். இரண்டு செட் கருவிகள், இரண்டு டிராலிகள், எல்லோருக்கும் மாற்று கவுன், மாற்றுக் கையுறை. ஏன் இரண்டு என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

அடைத்துப்போன அல்லது ஊதிப்பெருத்த பெருந்தமனிக்கு மாற்றாக வைக்கும் டாக்ரான் குழாய், பாலியஸ்டர் இழையால் ஆனது. 1950-களில் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி கடையில் டாக்ரான் துணி வாங்கி, மனைவியின் தையல் மெஷினில் குழாயாகத் தைத்தார். அந்த வழியில் வந்த கிராஃப்டுகள் எத்தனையோ பேரின் கால்களையும் உயிரையும் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் நூற்றில் சிலருக்கு அதில் கிருமி குடியேறிவிடுகிறது. பல நேரம் அது நம் தோலில் சாதாரணமாக இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ்தான். இழைகளுக்கு நடுவே வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டால் ஆன்டிபயாடிக் அதை அடக்கும், ஒழிக்காது. அப்படியே விட்டால் தையல் அரித்து ஒரு நாள் வெடிக்கும். இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் சிறுகுடலுக்குள் ஓட்டை விழுந்து, ரத்த வாந்தியோடு வருவார்கள்.

நல்ல கிராஃப்ட் சுற்றியிருக்கும் சதையோடு இறுக ஒட்டியிருக்கும். வெட்டிப் பிரித்தால்தான் வரும். கெட்டுப்போனது அப்படியில்லை. சுற்றிலும் கலங்கிய நீர் நிற்கும், சர்ஜன் விரலால் தொட்டு இழுத்தாலே கொழகொழவென்று உருவி வந்துவிடும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

அதை எடுத்த பிறகு காலுக்கு ரத்தம் எப்படிப் போகும்? அதுதான் பெரிய கேள்வி. பெருந்தமனியின் வெட்டிய முனையைத் தைத்து மூடிவிட்டு, அக்குளிலிருந்து தொடைக்குத் தோலுக்கடியில் புதுக் குழாய் கொண்டுபோவது பழைய முறை. மூடிய முனை பிறகு வெடிக்கும் பயம் இதில் உண்டு. நோயாளியின் சொந்தத் தொடையிலிருந்து ஆழமான சிரையை எடுத்து வைப்பது நல்ல வழி. ஆனால் அது நீண்ட ஆபரேஷன், எல்லோருக்கும் அந்தச் சிரை நன்றாக இருப்பதும் இல்லை. அந்த இடத்தில்தான் மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை, பெரிகார்டியம், கைகொடுக்கிறது. இதய வால்வுகளுக்கு அது வெகுகாலமாகப் பயன்படுகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் அதைக் குழாயாகத் தைத்து, கெட்டுப்போன பெருந்தமனி கிராஃப்டுகளின் இடத்தில் வைத்த அனுபவத்தை 2011-இல் வெளியிட்டார்கள்.

நான் சொல்லும் நோயாளி கறவை மாடு வைத்துப் பிழைப்பவர். சில வருஷத்துக்கு முன்பு வேறு ஆஸ்பத்திரியில் வைத்த கிராஃப்ட், கவட்டையில் ஓட்டை விழுந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. முன்பே ரத்தம் உறைந்த கால் என்பதால் தொடைச் சிரையை எடுக்க வழியில்லை. வைக்கப்போவது மாட்டின் இதய உறை என்று சர்ஜன் மறைக்காமல் சொன்னார். நோயாளி கேட்டது ஒன்றுதான்.

"இதுக்குன்னே மாட்டைக் கொல்றாங்களா டாக்டர்?"

"இல்லீங்க ஐயா. கறிக்கு வெட்டுற மாட்டுலேர்ந்து எடுக்கிறது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டார். என்ன மிருகம் என்று சொன்னால் வீணாகப் பயப்படுவார்கள், 'உயிர்த்திசு' என்றால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அவர் உடம்புக்குள் போவது என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டும். வேண்டாம் என்பவருக்கு ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கில் ஊறவைத்த டாக்ரான் போன்ற வேறு வழிகளும் இருக்கின்றன.

உறை ஒரு ஜாடியில், பதப்படுத்தும் திரவத்தில் மிதந்து வரும். அது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு. கண்ணையும் மூக்கையும் எரிக்கும் அந்த வாடை போக சலைன் கிண்ணங்களில் மாற்றி மாற்றி அலச வேண்டும். அலசும் நேரம் கம்பெனி சொன்னபடி, ஒரு நிமிஷமும் குறையக் கூடாது. நடுவில் காயவும் விடக் கூடாது. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழுவழுப்பு. வழுவழுப்பான பக்கம்தான் ரத்தத்தைப் பார்த்து இருக்க வேண்டும். 16 மி.மீ. குழாய்க்குச் சுமார் 50 மி.மீ. அகலம், தையலுக்குக் கொஞ்சம் கூடுதல். 10 மி.லி. சிரிஞ்ச் கிட்டத்தட்ட அந்தப் பருமன் என்பதால் அதன்மேல் சுற்றி, புரோலீன் நூலால் நெருக்கமாகத் தைப்பார்கள். கால்களுக்குப் போகும் கிளைகளையும் அப்படியே தைத்துச் சேர்ப்பார்கள். ரத்த ஓட்டத்தை நிறுத்தப் பெருந்தமனிக்குக் கிளாம்ப் போடும் முன்பே இதெல்லாம் முடிந்திருக்கும்.

இப்போது அந்த இரண்டாவது டிராலிக்கு வருகிறேன். இந்த உறை டாக்ரானைவிடக் கிருமியைத் தாங்கும். ஆனால் அதுவே மருந்து கிடையாது. சீழ் பட்ட திசு மிச்சமிருந்தால் இதுவும் கெடும். ஐரோப்பிய வாஸ்குலர் அறுவை சிகிச்சைச் சங்கத்தின் 2020 வழிகாட்டியும், உடம்பு தாங்கும் என்றால் பழைய கிராஃப்டை முழுசாக எடுக்கத்தான் சொல்கிறது. வைப்பதற்கு நல்ல குழாய் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான், சர்ஜன் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் சுரண்டி எடுக்க முடிகிறது. என் பார்வையில் அந்த உறையின் பெரிய உதவியே அதுதான்.

ஆகவே உறையைத் தைப்பது சுத்தமான டிராலியில். சீழைத் தொட்ட கத்தரி அதன் பக்கமே வராது. எடுத்து, கழுவி முடித்ததும் எல்லோரும் கவுனும் கையுறையும் மாற்றுகிறோம், புது டிரேப் விரிக்கிறோம். அவசரத்தில் யாராவது "சிஸ்டர், அந்த ஃபோர்செப்ஸே போதும், கொடுங்க" என்றால் கொடுப்பதில்லை. அங்கே சீனியர், ஜூனியர் பார்க்க முடியாது.

அன்று புதுக் குழாயைத் தைத்துக் கிளாம்ப் எடுத்ததும், வயிற்றுக்குள்ளிருக்கும் கொழுப்புத் திரையான ஓமெண்டத்தை இறக்கி அந்தக் குழாயைச் சுற்றி மூடிவிட்டார்கள். உறையின் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டினேன். எடுத்த டாக்ரான் துண்டு லேபுக்குப் போனது. கவட்டையிலிருந்து முன்பு எடுத்த ஸ்வாபில் வந்த கிருமி ஒன்று, கிராஃப்ட் துண்டில் வளர்ந்தது இன்னொன்று. கிராஃப்டில் வளர்ந்ததை நம்பி ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். அதை வாரக்கணக்கில் தொடர வேண்டும் என்று அவர் மனைவியிடம் வார்டு சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்லி, அடுத்த சி.டி. ஸ்கேனுக்கு வரவேண்டிய தேதியையும் எழுதிக்கொடுத்தார்.