தங்கைக்கு ஒரு நிலாச்சோறு

மெல்பர்னில் நான் வந்து இறங்கியது 2018 ஜூன் மாதம். மேட்டூர் அணையில் தண்ணீர் இல்லை, பாசனத்துக்குத் திறக்க வேண்டிய ஜூன் 12 இந்த வருஷமும் தவறிப்போய்விடும் என்று ஊரில் எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம். இங்கே சாயங்காலம் ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிட்டது. கணவர் வேலையிலிருந்து வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றைத் தாண்டி இருக்கிறது எங்கள் வீடு. அங்கே அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். "சாப்டியா" என்று கேட்ட பிறகுதான் மற்ற பேச்சு. இங்கே அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் முதல் குளிர்காலம் போனது. தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடியும் இலையெல்லாம் கொட்டி நின்றது.

மெல்பர்னின் புறநகரான டாண்டினாங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். கூட வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் "ஹென்ஸ் டின்னர்" என்று எனக்கும் அழைப்பு வந்தது. அமெரிக்காவில் பேச்சிலரெட் பார்ட்டி என்பதை ஆஸ்திரேலியாவில் ஹென்ஸ் என்பார்கள். மணப்பெண்ணுக்காக அவளுடைய தோழிகளும் வீட்டுப் பெண்களும் கூடி நடத்துவது. கல்யாணத்தில் பெண்ணுக்குத் துணையாக நிற்கப்போகும் தோழிதான் பொறுப்பெடுப்பாள், செலவைத் தோழிகள் பகிர்ந்துகொள்வார்கள், மணப்பெண் காசு கொடுக்கக் கூடாது. கல்யாணத்துக்கு அழைக்காதவர்களை இதற்கும் அழைக்க மாட்டார்கள்.

அந்தத் தோழி அனுப்பிய செய்தியில் மூன்று கேள்விகள் இருந்தன. எந்தத் தேதி ஒத்துவராது? எதைச் சாப்பிட மாட்டாய்? உனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சாப்பாட்டு ஞாபகம் என்ன? மூன்றாவது கேள்விக்கு வெகுநேரம் யோசித்தேன். மதிய இடைவேளையில் என் டப்பாவிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்து ரொட்டியில் தடவிச் சாப்பிடுவாள், அதை எழுதி அனுப்பினேன். விருந்தன்று மேசையில் இருந்த அட்டையில், பாட்டி வீட்டுப் பாஸ்தாவுக்கும் அத்தை செய்யும் கேக்குக்கும் நடுவில், எலுமிச்சை ஊறுகாய் என்று எழுதி அதன் கீழே என் பெயர். எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. டாண்டினாங் கடையில் தேடிப் பிடித்து ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். இந்த ஊரில் நான் குடியிருக்கிறேன் என்று மனசுக்குப் பட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் இதை எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டியிடம் சொன்னேன். அவர் தன் கல்யாணத்துக்கு முன் நடந்த "கிச்சன் டீ" பற்றிச் சொன்னார். வந்த பெண்கள் ஆளுக்கொரு சமையல் பாத்திரமும், கைப்பட எழுதிய ஒரு சமையல் குறிப்பும் கொடுப்பார்களாம். அந்தக் குறிப்புகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் கூடவே வைத்திருந்தார்.

2024 ஆவணியில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம் என்று முடிவானது. நானும் அவளும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான், சைக்கிள் பழக்கியது நான். ஊரில் நடக்கும் கல்யாணத்தில் நான் செய்ய என்ன இருக்கிறது? சமையல்காரர், மண்டபம், நாதஸ்வரம் எல்லாம் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அப்போதுதான் அந்த விருந்து ஞாபகம் வந்தது.

முதலில் கும்பகோணத்தில் ஓர் ஓட்டலில் விசாரித்தேன். பலூன், "பிரைடு டு பி" என்று எழுதிய, தோளில் போடும் பட்டை, கேக், பஃபே, தலைக்கு இவ்வளவு என்று படங்களோடு அனுப்பினார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் என் தங்கை எங்கேயும் இல்லை. வேறு எந்தப் பெண்ணின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். வேண்டாம் என்று விட்டுவிட்டு அவளுக்கே போன் போட்டேன். எனக்கு இரவு ஒன்பதரை, அவளுக்கு மாலை ஐந்து.

"உனக்கு என்ன சாப்பிடணும், யாரெல்லாம் இருக்கணும், சொல்லு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "என்கிட்ட யாரும் இதைக் கேட்கலக்கா" என்றாள். 600 பேருக்கு இலை போடுகிறோம், எத்தனை பொரியல், என்ன பாயசம் என்று ஒரு வாரம் பேசியிருக்கிறார்கள். பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை, என் கல்யாணத்திலும் அப்படித்தான். முகூர்த்தம் முடிந்து, போட்டோ முடிந்து, மூன்று மணிக்கு ஆறிப்போன சாம்பார் சாதம் சாப்பிட்டேன்.

அவள் கேட்டவை இவ்வளவுதான். ஆட்டம் பாட்டம் வேண்டாம். யாரும் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடக் கூடாது. இட்லிக்குக் கடப்பா வேண்டும். அப்பா வைக்கிற மாதிரி கெளுத்திக் குழம்பு வேண்டும். கடைசியாக, "அம்மா வரணும்."

வீட்டிலேயே இருக்கிற சித்தி வராமல் எங்கே போகப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன். இரவு படுத்த பிறகுதான் புரிந்தது. சித்தப்பா 2021இல் போய்விட்டார். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றியது என் அம்மாவும் அப்பாவும். சித்தி அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். வீடியோவில் நானே பார்த்தேன், அப்போது எனக்கு உறைக்கவில்லை. நலங்குக்கும் அவள் பின்னால்தான் நிற்பாள். யாரும் போ என்று சொல்லவில்லை, அவளே ஒதுங்கிக்கொள்வாள். ஆனால் இந்த விருந்துக்கு எங்கள் ஊரில் சம்பிரதாயம் என்று ஒன்றுமே கிடையாது. யார் முன்னால் நிற்கலாம், யார் தொடலாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுக்கு விருந்தா? அதெல்லாம் வளைகாப்புக்குத்தான் கட்டுச்சோறு" என்றார். வீடியோ காலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அம்மாவைப் பெற்ற அம்மாயிதான் தீர்த்துவைத்தாள். "நிலாச்சோறுன்னு சொல்லிட்டுப் போங்களேன்டி. நாங்க சித்ரா பௌர்ணமிக்குச் சட்டி சட்டியா ஆத்து மணலுக்குத் தூக்கிட்டுப் போகலியா?" அதற்கு அப்புறம் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பெயர் தெரிந்ததும் அவர்களே மும்முரமாகிவிட்டார்கள்.

நாள் பார்த்தோம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், புதன்கிழமை பந்தக்கால். பந்தக்கால் நட்டுவிட்டால் பெண் வாசல் தாண்டக் கூடாது, வீடும் சொந்தக்காரர்களால் நிறைந்துவிடும். அதனால் அதற்கு முந்தின ஞாயிறு. மறுநாள் பௌர்ணமி என்பதால் நிலா கிட்டத்தட்ட முழுசாக இருக்கும், கவிச்சிக்கும் தடை இல்லை. இடம் எங்கள் மொட்டை மாடி. ஜூலை கடைசியில் திறந்த மேட்டூர்த் தண்ணீர் அரசலாற்றில் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரைக்கே போகலாம் என்று ஆசை, இரவில் அத்தனை பெண்களைக் கூட்டிக்கொண்டு போக எனக்குத் துணிவில்லை.

மெல்பர்னில் அழைப்பு என்றால் போனில் ஒரு செய்தி. ஊரில் அப்படி முடியாது. சிங்கப்பூர் வழியாகத் திருச்சி வந்து இறங்கிய மூன்றாம் நாளே அம்மாவோடு வீடு வீடாகப் போனேன். கல்யாணமான தோழி என்றால் முதலில் மாமியாரிடம் வெற்றிலை பாக்கு. "ஒன்பதரைக்கு வண்டியில கொண்டுவந்து வாசல்லயே விட்டுடுவோம்மா" என்று சொன்ன பிறகுதான் முகம் தெளியும். அதற்காகவே ஒரு மினி வேன் பேசினோம். வெளிநாட்டிலிருந்து இப்படி ஒன்றைத் திட்டமிடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், சாப்பாட்டுக்கு முன்னால் வண்டியைப் பேசிவிடுங்கள். யார் எப்படி வீடு திரும்புவார்கள் என்று தெரிந்தால்தான் யாருக்கும் சோறு இறங்கும்.

மெல்பர்ன் தோழி கேட்ட மூன்று கேள்விகளை அப்படியே எல்லோரிடமும் கேட்டேன். "எதைச் சாப்பிட மாட்டீங்க" என்று கேட்டபோது பலருக்கும் கூச்சம். எங்கள் பக்கம் இலையில் வைத்ததைச் சாப்பிடுவதுதான் மரியாதை. இரண்டு பேர் சைவம், ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்தி ஐந்து மாதம், புளிப்பு மட்டும்தான் இறங்குகிறது. சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி வைத்தோம். மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்கள்தான் விருந்தே. மகளிர் கல்லூரியில் கூடப் படித்த ராஜகிரி ஊர்த் தோழி, ரமலான் மாதத்தில் தினமும் இவளுக்கென்று நோன்புக்கஞ்சி கொண்டுவருவாளாம். ரமலான் இல்லாவிட்டால் என்ன, அன்றும் அதே தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத் தோழி, டியூஷன் முடிந்து இரண்டு பேரும் ஒரு பங்கு வாங்கிச் சாப்பிட்ட அசோகாவை வீட்டிலேயே கிளறி எடுத்துவந்தாள். பயத்தம்பருப்பை வேகவைத்துக் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் விட்டு, கை ஓயக் கிளறியிருக்கிறாள். கொஞ்சம் இறுகிப்போயிருந்தது, ஒரு துளி மிஞ்சவில்லை. கடப்பாவை நான் வைத்தேன். வெந்த பயத்தம்பருப்பில் உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்பு, கசகசா, பச்சைமிளகாய் அரைத்து விட வேண்டும். மெல்பர்னில் எத்தனை முறை வைத்தும் அமையாத ருசி, அந்த அடுப்பில் முதல் கொதியிலேயே அமைந்துவிட்டது.

பெயர் அட்டைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, கும்பகோணத்தில் வெற்றிலையை விட்டு வேறெங்கே போக? பெரிய இலையாகப் பார்த்து எடுத்து, ஈர்க்குச்சியைச் சுண்ணாம்பில் தொட்டு ஒவ்வொருவர் பெயரையும் எழுதினேன். தடிமனாக எழுதினால் பிறகு போடும்போது நாக்கு வெந்துவிடும், மெலிதாக எழுதினால் தெரியாது. நாலைந்து இலை வீணான பிறகு கை பழகியது. இலை நரம்பின் மேல் குச்சி ஏறி இறங்கும்போது எழுத்து லேசாக நெளியும். ஈரத்தில் தெரியாத வெள்ளை காயக் காயத் துலங்கிவரும். பதினோரு இலை. சித்திக்கு எழுதும்போது கை நின்றது. அவளுக்கு வெற்றிலை கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எழுதினேன். சித்தி என்று போடவில்லை, அவள் பெயரை எழுதினேன்.

கெளுத்தியைச் சித்திதான் ஆய்ந்தாள். முள்ளை ஒடித்து, சாம்பல் போட்டு வழவழப்புப் போகத் தேய்த்து, கல் உப்பில் அலசி. "அவரு மாங்காய் ரெண்டு கீத்து போடுவாரு" என்று சொல்லிக்கொண்டே மண்சட்டியில் போட்டாள். அவர் போனதிலிருந்து அந்த வீட்டில் கெளுத்தி வாங்கவில்லை.

மாடியில் பந்திப்பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். விளக்கை அணைத்துவிட்டோம், நிலா போதும். ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தைத் திறக்கும்முன் அதன் கதையைச் சொன்னார்கள். கஞ்சிக் கதையில் சிரித்தோம், அசோகா கதையில் தங்கை அழுதாள். கடைசியாகக் குழம்பு. நிலாச்சோற்றில் பெரியவர்கள் பிசைந்து கையில் உருண்டை கொடுப்பார்கள். எல்லோரும் அம்மாயியைப் பார்த்தார்கள். அம்மாயி அன்னக்கூடையைச் சித்தி பக்கம் தள்ளினாள். "எனக்கு மணிக்கட்டு வலிக்குது. நீ பிசை."

சித்தி தயங்கினாள். தங்கை கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். குழம்பை ஊற்றிப் பிசைந்து, முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, முதல் உருண்டையை அவள் உள்ளங்கையில் வைத்தாள். அப்புறம் அத்தை, நான், தோழிகள் என்று வட்டம் சுற்றி வந்தது. அத்தை இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கினார். அந்தக் குழம்பைப் பற்றி நான் எழுத என்ன இருக்கிறது, புளியும் மாங்காயும் சேர்ந்து நாக்கில் ஏறியபோது சித்தப்பா கீழே முற்றத்தில் இருப்பது மாதிரி இருந்தது.

முடிந்ததும் அவரவர் பெயரை எடுத்துப் பாக்கு வைத்து மடித்தோம். சித்தி தன் இலையை நிலா வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தட்டில் திரும்ப வைத்தாள். தங்கை அதை எடுத்து, நரம்பைக் கிள்ளி, களிப்பாக்கு வைத்து மடித்து, அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள். யாரும் பேசவில்லை. சித்தி வாங்கிக்கொண்டாள்.

வேன் வந்துவிட்டதாகக் கீழேயிருந்து குரல் கேட்டது. செருப்பைத் தேடி எல்லோரும் எழுந்தபோது சித்தி மட்டும் தங்கையின் தோளைத் தட்டி, சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"செவந்திருக்கா, பாரு."