மாநகர சபைத் தேர்தலில் ஒரேயொரு புள்ளடி

இலங்கையின் நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடியும் (X) வேட்பாளர்களின் இலக்கங்களுக்கு விருப்பு வாக்குகளும் இட்டுப் பழகியவர்களுக்கு, உள்ளூராட்சித் தேர்தலின் வாக்குச்சீட்டு எதையோ விட்டுவிட்டு அச்சிட்டதுபோலத் தோன்றும். அதில் வேட்பாளரின் பெயருமில்லை, இலக்கமுமில்லை. கட்சிகள், சுயேச்சைக் குழுக்கள் ஆகியவற்றின் பெயர்களும் சின்னங்களும் எதிரே வெற்றுக் கட்டங்களும் மட்டுமே உண்டு. "தம்பி, எங்கட வட்டாரத்து ஆளின்ர இலக்கம் என்ன?" என்று எங்கள் ஒழுங்கையில் உள்ள ஆச்சி ஒருவர் கேட்டார். இலக்கமே கிடையாது, சின்னத்தைப் பார்த்து ஒரு புள்ளடி இட்டால் போதும் என்று சொன்னதை அவர் இலேசில் நம்பவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகளுக்குப் புள்ளடி இட்டால் சீட்டு நிராகரிக்கப்படும் என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஒற்றைப் புள்ளடி இரண்டு வேலைகளைச் செய்கிறது என்பதைப் பரப்புரைக் கூட்டங்களில் எவரும் விளக்குவதில்லை. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி முதன்முறையாக நடைமுறைக்கு வந்த கலப்பு முறையின்படி, உறுப்பினர்களில் 60 சதவீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 40 சதவீதத்தினர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் தெரிவாகின்றனர். யாழ்ப்பாணம் மாநகர சபையில் 27 வட்டாரங்கள், மொத்தம் 45 உறுப்பினர்கள். உங்கள் வாக்கு முதலில் வட்டார வேட்பாளருக்காக எண்ணப்படுகிறது. பின்னர் சபை முழுவதிலும் அக்கட்சி பெற்ற வாக்குகளுடன் சேர்ந்து, அதற்கு உரிய ஆசனங்களின் தொகையைத் தீர்மானிக்கிறது. ஆகவே, தோற்கிற ஆளுக்குப் போட்டு வாக்கை ஏன் வீணாக்குவான் என்ற பேச்சு இம்முறைக்குப் பொருந்தாது. அதேவேளை, வட்டாரத்தில் நிற்பவர் நல்லவர் என்பதற்காக இடும் புள்ளடி, நீங்கள் அறியாத பட்டியல்காரர் ஒருவரையும் சபைக்குள் அனுப்பக்கூடும். அந்த விகிதாசாரப் பட்டியலில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தும் வட்டார வேட்பாளரின் சுவரொட்டிகளைப் பார்க்குமளவுக்கு அப்பட்டியலை எவரும் வாசிப்பதில்லை என்பது என் குறை.

மாநகர முதல்வரை நாம் நேரடியாகத் தெரிவுசெய்வதில்லை. எந்தக் கட்சியும் பாதி ஆசனங்களைப் பெறாவிட்டால், சபையின் முதல் அமர்வில் உறுப்பினர்களே வாக்களித்து முதல்வரைத் தெரிவு செய்வர். 2018இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 45இல் 16 ஆசனங்களுடன் முதலிடம் பெற்று முதல்வர் பதவியைப் பிடித்தது. 2020 டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் தோற்கடிக்கப்பட்டு அக்கட்சியின் முதல்வர் பதவியிழக்க, அதே மாதத்தில் 21க்கு 20 என்ற ஒரு வாக்கு வித்தியாசத்தில் வேறொரு கட்சியிலிருந்து தெரிவான உறுப்பினர் வி. மணிவண்ணன் முதல்வரானார். உங்கள் கட்சி எவருடன் சேரும், எவருடன் சேராது என்பதை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடமே கேட்டு வைப்பது நல்லது. மழுப்பலான பதிலும் ஒரு பதில்தான்.

வாக்களிப்பு நாளின் நடைமுறை எளிது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். அதனைக் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். வாக்காளர் அட்டை கையில் இருந்தால் அலுவலர்களுக்கு வேலை சுலபம், ஆனால் அது அடையாள ஆவணம் ஆகாது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற ஒன்று கட்டாயம் தேவை. படமும் எழுத்தும் அழிந்துபோன அட்டையை வைத்திருப்போர் தேர்தலுக்கு முன்பே கிராம அலுவலர் ஊடாகத் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். 2018இலும் 2025இலும் வாக்களிப்பு காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கே முடிந்தது என்பதால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாகப் போகலாம் என்று இருப்பவர்கள் நேரத்தைக் கவனித்துக்கொள்ளவும்.